ஒரு சமக்குறி குறைந்த கதை

எங்கள் ஊர் ஏரியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியே "இயற்கை எழில் கொஞ்சும் புகழ்பெற்ற ஏரி". மறுநாள் பார்த்தால் எழிலும் இல்லை, புகழும் இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் இரண்டையும் வெட்டிவிட்டு, மிச்ச வரியில் 'மேற்கோள் தேவை' என்று ஒட்டியிருந்தார். கோபம்தான் வந்தது. ஆனால் ஏரி எந்த வட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மதகு என்று நான் எதுவுமே எழுதியிருக்கவில்லையே!

சரி, மணல்தொட்டியில் (விக்கியில் எழுதிப் பழகும் பக்கம்) வைத்துத் திருத்தலாம் என்று போனேன். துணைத்தலைப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சமக்குறி போட வேண்டும்: == வரலாறு ==. பின்னால் ஒன்றை விழுங்கிவிட்டேன். 'வரலாறு' கட்டுரைத் தலைப்பு அளவுக்கு வீங்கி, முன்னால் ஒரு சமக்குறியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிடம் முழித்தேன்.

பகுப்பு (கட்டுரையை இனம் பிரிக்கும் குறி), தகவற்சட்டம் (ஓரத்தில் வரும் விவரப் பெட்டி) எல்லாம் பிறகு யாராவது சேர்த்துவிடுவார்கள். சான்றுதான் கிடைக்க மாட்டேன் என்கிறது. தாத்தா சொன்னார் என்று மேற்கோள் போட முடியாதாம். பழைய மாவட்ட விவரச்சுவடி (கெசட்டியர்) யாரிடமாவது இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள்.