பெரிய முடிச்சை விட்டுவிட்டுச் சிறியதில் ஊசி

எனக்குத் தைராய்டு வீங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மேலூர்ப் பக்கம் எங்கள் சொந்தத்தில் இன்னும் சில பெண்களுக்கும் இது உண்டு என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுங்கும்போது அடைக்கத் தொடங்கிய பிறகுதான் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தது. "அப்புறமென்ன பயம்?" என்றார் மாமியார். ஆனால் அந்தப் பரிசோதனை சுரப்பி வேலை செய்யும் விதத்தை மட்டுமே சொல்லும். சுரப்பிக்குள் இருக்கும் முடிச்சு, அதாவது கட்டி, எப்படிப்பட்டது என்று பார்க்க ஸ்கேன் வேண்டும்.

ஸ்கேனில் இரு பக்கமும் முடிச்சுகள். இடப்பக்கம் வெளியே தெரிவது 4 செ.மீ.; வலப்பக்கம் கைக்கே தட்டுப்படாத ஒன்று 1.6 செ.மீ. சிறியதில்தான் ஊசி போட்டு, செல்களை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார் மருத்துவர். கண்ணாடியில் தினமும் நான் பார்த்துப் பயந்தது மற்றதை அல்லவா? பொறுமையாக விளக்கினார். பெரியது கடற்பஞ்சு போல நுண்ணிய நீர்ப்பைகளால் ஆனது. அந்த வகையில் புற்றுநோய் மிக அரிது. சிறியது திடமாகவும் ஸ்கேனில் கருமையாகவும் இருந்தது. ஓரம் ஒழுங்கற்றிருப்பது, வெண்புள்ளிகள், அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருப்பது ஆகியவை இன்னும் சந்தேகத்துக்குரியவை. நல்லவேளை, அவை எனக்கு இல்லை. தைராய்டு முடிச்சுகளில் புற்றுநோயாக இருப்பவை நூற்றுக்கு 5 முதல் 15 வரைதான். ஆனால் முடிச்சுகள் பல என்பதால் நோயாளிக்கு ஆபத்து குறைந்துவிடாது. ஆகவே உங்களுக்கும் பல முடிச்சுகள் இருந்தால், எதில் ஊசி போடுகிறார்கள், ஏன் அதில் என்று அவசியம் கேளுங்கள்.

ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று வீட்டில் தடுத்தார்கள். அந்தப் பயத்தால் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்திப் படுக்க வைத்தார்கள். ஊசி ரத்தம் எடுப்பதைவிட மெல்லியது. எச்சில் விழுங்காமல், பேசாமல் இருப்பதுதான் கடினம்.

ஊசியில் எடுத்த செல்களின் முடிவை வகைப்படுத்தும் பெதஸ்தா முறையில் ஆறு வகைகள். இரண்டாவது வந்தால் சாதாரணக் கட்டி, ஆறாவது புற்றுநோய். எனக்கு வந்தது மூன்றாவது: எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாதது. இப்படித் தெரியாமல் தவிப்பதற்குப் புற்றுநோய் என்றே வந்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று சில இரவுகளில் தோன்றியது. சில மாதங்கள் கழித்து மறுபடி ஊசி போட்டார்கள். இம்முறை இரண்டாவது வகை. மருத்துவமனை வராந்தாவிலேயே அழுதுவிட்டேன்.

ஓராண்டு கழித்து மறுபடி ஸ்கேன். அடைப்பு கூடினால் பெரிய முடிச்சுள்ள பாதியை அறுவை செய்து எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது புற்றுநோய்ப் பயத்தால் அல்ல, உணவுக்குழாயை அழுத்துவதால்.