மைனி கேட்டது

2023 டிசம்பர் 18ஆம் தேதி இரவு 10.40 மணி. திருநெல்வேலியில் தாமிரபரணி கரை புரண்ட அந்த வெள்ளத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிந்துபூந்துறையில் இரண்டு பிள்ளைகளோடு மாடியில் மைனி, என் அண்ணன் மனைவி. இந்தப் பக்கம் பாளையங்கோட்டையில் நான். அண்ணன் மஸ்கட்டில்.

"தம்பி, படகுக்காரர்கள் குரூப்புக்கு வீடியோ போட்டேன். போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் அந்த வேலைதானே பார்க்கிறீர்கள்?"

அந்த வேலைதான். செல்போன் நிறுவனத்தில் டேட்டா எல்லாம் கடந்து போகிற வாசலான கேட்வேயில், எந்தப் பாக்கெட்டை, அதாவது எந்த டேட்டாத் துண்டை, எந்தக் கணக்கில் ஏற்ற வேண்டும் என்று விதி எழுதுகிறவன். அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, இரண்டு போர்ட் எண்கள், புரோட்டோகால் என்ற ஐந்தையும் வைத்துக்கொண்டு, வரிசை எண் குறைந்த விதியிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் போவோம். எது முதலில் பொருந்துகிறதோ அதுதான் அந்தப் பாக்கெட்டுக்குச் சட்டம். அன்றைய 1.5 ஜிபி டேட்டா தீர்ந்ததும், யாருக்கு என்ன வேகம் என்று முடிவு செய்கிற பாலிசி சர்வருக்கு கேட்வே தெரிவிக்கும். சர்வர் வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸாக, அதாவது நொடிக்கு 64 கிலோபிட்டாக, குறைக்கச் சொல்லும். பகலெல்லாம் செய்தி பார்த்ததில் மைனியின் கணக்கு தீர்ந்திருந்தது. இனி நள்ளிரவு 12 மணிக்குத்தான் புதுக் கணக்கு. போனில் சார்ஜ் 9 சதவீதம்.

"வீடியோவை நிறுத்திவிடுங்கள் மைனி. லொக்கேஷன் மட்டும் அனுப்புங்கள், உடனே போய்விடும்" என்றேன்.

"லொக்கேஷனைப் பார்த்தால் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியுமா?"

நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. "முதலில் லொக்கேஷன்" என்று மறுபடியும் சொன்னேன். வீடியோவை நிறுத்தினார்கள். லொக்கேஷன் போயிற்று. 11.10க்கு போன் அணைந்துவிட்டது.

அந்த அரை மணி நேரம் நான் செய்துகொண்டிருந்ததை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. என் லேப்டாப்பில் பாலிசி சர்வரின் திரை திறந்திருந்தது. சோதனை எண்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதில் இருக்கும் எண்களை வேகக்குறைப்பு விதி தொடாது. மைனியின் எண்ணை அதில் சேர்க்க ஒரு வரி போதும். எண்ணை அடித்தேன். என்டர் தட்டவில்லை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் கை வைப்பது எங்கள் வேலையில் பெரிய குற்றம். அவர் என் அண்ணன் மனைவி என்றால் அது இன்னும் பெரிய குற்றம். அதே தெருவில் அதே தண்ணீரில் நின்றவர்களுக்கு உறவுக்காரன் யாரும் பாலிசி சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. நான் செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அது தயக்கத்தின் ஒரு பாதிதான். அந்தத் தயக்கத்தில் மூழ்கி, என் போனிலிருந்தே அவர் எண்ணுக்குச் சின்னதாக ஒரு டேட்டா ரீசார்ஜ் போட்டுவிடலாம் என்பதை மறந்தேபோனேன். காசு கட்டி, எல்லோரும் செய்கிற வழியில், ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். வேலை தெரியாத எந்தக் கொழுந்தனும் முதலில் அதைத்தான் செய்திருப்பான்.

பிறகு விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். உள்ளடக்கத்துக்கு ஏற்பக் கட்டணத்தை மாற்றக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியில் போட்ட ஒழுங்குமுறையிலேயே, கடும் பொது நெருக்கடி நேரத்தில் நிறுவனம் கட்டணத்தைக் குறைக்கலாம், 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் போதும் என்று விலக்கு இருக்கிறது. தொழில்நுட்பமும் தடையில்லை. சந்தாதாரர் எந்தச் செல்லில், அதாவது டவரின் எந்த எல்லைப் பகுதியில், இருக்கிறார் என்பதை கேட்வே பாலிசி சர்வருக்குச் சொல்ல முடியும். வெள்ளம் சூழ்ந்த செல்களை ஒரு குழுவாக்கி, அங்கே வேகக்குறைப்பு பொருந்தாது என்று ஒரு விதியை முன்வரிசையில் வைக்கலாம். எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதிக்காகக் காத்திருக்கிறது. சில நாள் அதன் மேலேயே எனக்குச் சந்தேகம் வருகிறது. மின்சாரம் போய், மிஞ்சிய டவர்கள் சில. எல்லோரையும் முழு வேகத்தில் விட்டால் அவற்றில் நெரிசல் வரும். அழைப்புகள் தப்பிக்கும், அவற்றுக்குத் தனி முன்னுரிமை உண்டு. சின்னச் செய்திகளுக்கு அது கிடையாது. மைனியின் லொக்கேஷனே அந்த நெரிசலில் சிக்கியிருக்கலாம். அப்படியானால் 64 கேபிபிஎஸ்தான் அதைக் காப்பாற்றியதா? எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை முழுக்க நம்ப மாட்டேன் என்கிறேன்.

மறுநாள் காலையில் படகு வந்தது. மூவரையும் இறக்கிக் கூட்டிவந்தார்கள். லொக்கேஷனைப் பார்த்து வந்தார்களா, தெருவில் போகும்போது கை காட்டியதைப் பார்த்து வந்தார்களா, மைனிக்கே தெரியவில்லை. உறவில் யார் வந்தாலும், "தம்பிதான் ராத்திரி தைரியம் சொன்னார்" என்கிறார்கள். அப்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

பொங்கலுக்குப் போனபோது அந்த வீடியோவைக் காட்டினார்கள். டார்ச் வெளிச்சத்தில் மாடிப்படி. ஏழாவது படியில் செம்மண் நிறத் தண்ணீர், அதில் ஒரு பிளாஸ்டிக் குடம் சுவரை இடித்து இடித்துத் திரும்புகிறது. பின்னால் சின்னவன், "அம்மா, இன்னும் எத்தனை படி?" என்று கேட்கிறான். கோப்பின் அளவு 12 எம்பி. 64 கேபிபிஎஸ்ஸில் 25 நிமிடம் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. நான் நிறுத்தச் சொன்ன பிறகு போன் 30 நிமிடம் உயிரோடு இருந்தது.

மைனி மறுபடியும் அதை முதலிலிருந்து ஓட விட்டார்கள்.