கம்பார்ட்மெண்டில் ஒரு பெயர்ப் பட்டியல்

திருப்பதி போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ" என்று நாலு பேராவது சொல்லிவிடுவார்கள். நானும் தலையை ஆட்டிவிடுவேன். போன தடவை அப்படிப் பத்துப் பேருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போய், பொன் வாசலில் ஜய விஜயர் நடுவே நின்ற அந்தச் சில நொடியில் ஒருத்தர் பெயர்கூட ஞாபகம் வரவில்லை. "கோவிந்தா" மட்டும்தான் வந்தது. "ஜருகண்டி, ஜருகண்டி" என்று ஒரு கை தோளில் பட, வெளியே வந்து "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று மொத்தமாக ஒப்பேற்றினேன்.

இந்த முறை உஷாராக, செல்போனில் எழுதி வைத்துக்கொண்டேன். பதின்மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் நேரே காரணம்: சித்தி மகளுக்கு வரன், எதிர்வீட்டுப் பையனுக்கு நீட் தேர்வு, சிலிண்டர் போடும் தம்பியின் மனைவிக்குப் பிரசவம். கூட வந்த நாத்தனாரிடம் (அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்) பெருமையாகக் காட்டினேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார். ஏன் என்று வரிசைக்குள் நுழையும் முன் தெரிந்தது. போனை ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எத்தனை தடவை வந்திருக்கிறேன், இது எப்படி மறந்ததோ.

அலிபிரியிலிருந்து 3,550 படியும் ஏறி வந்த காலம் உண்டு. அண்ணியின் மூட்டுக்கு இப்போது பஸ்தான். ஆனால் வைகுண்டம் காம்ப்ளக்ஸில், தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூடமான கம்பார்ட்மெண்டில் உட்காருவதில் யாருக்கும் சலுகை இல்லை, சர்வ தரிசனம் என்றால் உட்கார்ந்தே ஆக வேண்டும். இரும்புக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்போது திறப்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. சூடான பால் வந்தது. யாரோ எழுந்தால் கதவுதான் திறக்கிறது என்று மொத்தக் கூட்டமும் எழுந்து, பிறகு அசட்டுச் சிரிப்போடு உட்காருகிறது.

சரி, பட்டியலை மனசிலேயே போடுவோம் என்று வலது கையை மடியில் வைத்தேன். நாலு விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. கட்டைவிரலால் சுண்டுவிரல் அடிக்கணுவைத் தொட்டு ஆரம்பித்தேன். திரையில் பார்த்துப் படித்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். இங்கே முகத்தை வரவழைத்தால்தான் பெயர் வருகிறது. சிலிண்டர் தம்பிக்கு அதுவும் இல்லை, பெயரே தெரியாது. போன மாதம் ரெகுலேட்டரை மாட்டிவிட்டு, தண்ணீர் தொட்டு கசிவு பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு போன் வந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தான். பேசி முடித்து, "இந்த மாசம் டேட் சொல்லியிருக்காங்கக்கா. கொஞ்சம் பயமா இருக்கு" என்றான். அந்தக் கணுவில் கட்டைவிரல் நெடுநேரம் நின்றுவிட்டது.

"பேர் தெரியலையே அண்ணி."

"பெருமாளுக்குத் தெரியும்மா, நீ சொல்லு."

ஊர்க் கோயிலில் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால் அம்மா எப்போதும் "சுவாமி பேருக்கே பண்ணிடுங்கோ" என்பாள். எங்கள் நட்சத்திரமெல்லாம் மறந்துவிட்டதோ என்று சின்ன வயதில் எனக்குக் கோபம். கேட்டபோது, "அவர் பேருக்குப் பண்ணினா எல்லாருக்கும் போய்ச் சேரும்டீ" என்றாள். அம்மாவுக்கு அது சரி. அவள் 'எல்லாரும்' என்றால் நிஜமாகவே எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். நான் சொன்னால் அதில் ஒரு முகமும் தெரிவதில்லை. எனக்கு ஒவ்வொன்றாகத்தான் ஆகும்.

பன்னிரண்டு கணுவும் நிரம்பின. பதின்மூன்றாவது ஆள் யார்? அண்ணி யார் யார் பெயரையோ எடுத்துக் கொடுத்தார். ஊஹூம். அதற்குள் கதவு நிஜமாகவே திறந்து, "கோவிந்தா" என்று கூட்டம் பாய்ந்தது.

சந்நிதியில் இந்தத் தடவையும் ஒன்றும் வாயில் வரவில்லை. ஆனால் பதறவில்லை, சொல்ல வேண்டியதை உள்ளே உட்கார்ந்தே சொல்லியாகிவிட்டது. பெருமாளுக்கு முன்னால் இருக்கும் குலசேகரன் படிதான் கண்ணில் நின்றது. அந்த ஆழ்வார், படியாகக் கிடந்தாவது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கேட்டவர். சேர நாட்டு அரசர் கேட்ட வரம்! வெளியே வந்து, கருவறைக்கு மேலுள்ள ஆனந்த நிலைய விமானத்தில் வெள்ளித் திருவாசிக்குள் இருக்கும் விமான வேங்கடேசரை அண்ணாந்து பார்த்தபடி கணுக்களை இன்னொரு சுற்று தொட்டேன். அங்கே யாரும் ஜருகண்டி சொல்வதில்லை.

போனை வாங்கியதும் முதலில் பட்டியலைத்தான் திறந்தேன். பதின்மூன்று: கீழ்வீட்டு அம்மா, முழங்கால் ஆபரேஷன். தண்ணீர் மோட்டார் விஷயமாக அவரோடு நான் பேசி மூன்று மாதம் ஆகிறது. அவர் வேண்டிக்கொள்ளச் சொல்லவும் இல்லை. கிளம்புகிற அன்று ஏதோ ஒரு வேகத்தில் நானே சேர்த்தது.

ஊருக்கு வந்தும் கட்டைவிரல் சும்மா இருப்பதில்லை. சிக்னலில், லிஃப்டுக்கு நிற்கையில், வங்கியில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கையில் தானாகவே சுண்டுவிரலுக்குப் போய்விடுகிறது. பாதியில் பச்சை விழுந்துவிட்டால் மிச்சம் அடுத்த சிக்னலில்.

நேற்றுக் காலை குக்கர் மூன்றாவது விசிலுக்காக அடுப்பருகே நின்றிருந்தேன். ஏழாவது கணுவில் இருக்கும்போது கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. ஸ்விட்ச் இருப்பது பின்கட்டில். மூன்று படி இறங்கித்தான் போட்டிருக்க வேண்டும்.