தலைக்கு வந்த காக்கா

இன்று காலை ஆறேகாலுக்கு ஹெல்மெட் மேல் 'டொக்' என்று ஒரு சத்தம். வண்டியில் போகும்போது இல்லை. நடந்து, கையில் பால் கூடையோடு, எங்கள் வாசலுக்கும் பால் பூத்துக்கும் நடுவே இருக்கிற அந்த நாற்பது அடி தூரத்தில். திரும்பிப் பார்த்தால் அந்தக் காக்கா ஒன்றும் தெரியாததுபோல கம்பியில் அலகைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

ஹெல்மெட்டுக்கு முன்பு மூன்று முறை வெறுந்தலையில் வாங்கியாயிற்று. மூன்றும் ஒரே இடம், முடி கொட்டிப்போன அந்த எட்டணா அளவு இடம். பூத்துக்கு வருகிற இத்தனை பேரில் வேறு ஒரு தலையையும் அது சீண்டுவதில்லை.

எல்லாம் அந்த பைனாகுலரால் வந்த வினை. ஜனவரியில் வேடந்தாங்கல் போவதற்காக எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. படாளம் கூட்டுரோட்டில் திரும்புகிற வரைக்கும் என் கழுத்தில்தான் தொங்கியது. கோபுரத்தில் ஏறியதும் மகள் பிடுங்கினாள், அவளிடமிருந்து மனைவி. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாவற்றையும் நான் வெறுங்கண்ணால், சுண்ணாம்பு தெளித்த மரம் மாதிரி ஒரு வெள்ளைக் கூட்டமாகப் பார்த்துவிட்டு இறங்கினேன். மஞ்சள் மூக்கு நாரை வளர்ந்தபிறகு கத்தாது, அலகைத் தட்டுவதோடு சரி என்று பக்கத்தில் யாரோ சொன்னதும், "கொடுத்து வெச்ச குடும்பம்" என்று மனைவி என்னைப் பார்த்தது தனிக்கதை.

அம்மாவுக்குப் பறவைகளைவிட அந்த ஊர்க்காரர்கள் கதைதான் பிடித்திருந்தது. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்பதால் ஊரே பறவைகளைக் காத்ததும், சிப்பாய்கள் வந்து சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் லயோனல் பிளேஸ் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டரிடம் எழுதி வாங்கியதும். "நாரைக்கே பத்திரம் போட்டுக் குடுத்திருக்கான். நம்ம மனைக்கு இன்னும் பட்டா மாறல" என்றார். திரும்பி வருகிற வழி முழுக்கப் பட்டா புராணம்தான்.

அப்புறம் வீட்டில் எட்டாயிரத்துக்கு நியாயம் சொல்லியாக வேண்டுமே. பால்கனியில் பைனாகுலரோடு நின்றால் எதிர் பிளாட்காரர் சட்டென்று திரைச்சீலையை இழுக்கிறார். நான் பறவைதான் பார்க்கிறேன் என்று ஊருக்கே தெரியட்டும் என்று, கழுத்தை ஒடித்துக்கொண்டு பாதாங்கொட்டை மரத்தையே பார்க்க ஆரம்பித்தேன். அங்கேதான் இந்தக் காக்கா கூடு. பாதி சுள்ளி, பாதி வெல்டிங் கடைக் கம்பி. ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் காலையும் மாலையும் ஒருவன் இரண்டு பெரிய கண்ணாடிக் கண்களால் உங்கள் பிரசவ அறையையே முறைத்துக்கொண்டிருந்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

காக்கா முகத்தை மறக்காது என்று மகள் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் ஜான் மார்ஸ்லஃப் என்கிற பேராசிரியர் 2006-ல் ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்துவிட்டிருக்கிறார். அந்த முகமூடியை எங்கே பார்த்தாலும் வருஷக்கணக்கில் காக்கைகள் கூடித் திட்டினவாம், பிடிபடாத காக்கைகள் உட்பட. "நீயும் முகமூடி போட்டுக்கோப்பா" என்றாள். வீட்டில் இருந்தது திருஷ்டி பொம்மை ஒன்றுதான். ஹெல்மெட்டுக்கு வந்தேன். இரண்டே நாளில் காக்கா ஹெல்மெட்டையும் மனப்பாடம் செய்துவிட்டது. அதே கறுப்பு ஹெல்மெட் வைத்திருக்கிற கீழ்வீட்டுக்காரர் நேற்று என்னோடு பேசவில்லை.

மூன்றாவது மாடி அக்கா, சனி பகவான்தான் என்று முடிவே கட்டிவிட்டார். எள் தீபம் போடணும், திருநள்ளாறு போயிட்டு வந்துடணும். அலுவலகத்து நண்பர் பைனாகுலரை அவரிடம் விற்றுவிடச் சொல்கிறார். பாதி விலைக்கு.

அம்மா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. தினம் மதியம் மதில்மேல் ஒரு கவளம் சாதம் வைத்துவிட்டு நிற்பார். போன வாரம் நான் பக்கத்தில் இருப்பது தெரியாமல் அந்தக் காக்காவிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்: "போதும், விடுங்க. புள்ளைக்கும் அம்பது ஆகப் போகுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அப்பா குட்டுவதும் அதே இடத்தில்தான். பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் பின்னாலிருந்து, சத்தமே இல்லாமல் வந்து.

நான் இதை நம்புகிறவன் இல்லை. அதனால் இன்று ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு நேரே பால்கனிக்குப் போய் பைனாகுலரை எடுத்தேன். கூட்டில் மூன்று குஞ்சு. அதில் ஒன்று உருவத்திலும் வாயிலும் மற்ற இரண்டைவிடப் பெரியது. சந்தேகமே இல்லை, குயில் குஞ்சு. ஆண்குயில் சத்தம் போட்டுக் காக்காவைத் துரத்தவிட, அந்த இடைவெளியில் பெண்குயில் முட்டை வைத்துவிட்டுப் போகும். காக்கா குஞ்சுகளுக்கு மூன்று நாள் முன்னாலேயே பொரித்துவிடுவதால் பந்தியில் முதல் ஆள் அதுதான். என்னைக் குட்டிவிட்டு வந்த அதே காக்கா, சொந்தக் குஞ்சு இரண்டும் வாயைப் பிளந்துகொண்டிருக்க, அதன் வாயில்தான் முதலில் திணித்தது.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாருங்கம்மா, யாரோ பெத்ததுக்காகத்தான் இந்த மண்டு என் மண்டையை உடைக்குது."

பைனாகுலரைக் கண்ணில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அத்தை போனபிறகு அவர் பையனை அப்பா ஊரிலிருந்து கூட்டிவந்ததும், பத்தாவதுக்குப் போகிறான் என்று சைக்கிளை அவனுக்கு முதலில் வாங்கிக் கொடுத்ததும், நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்ததும் பழைய கதை. அம்மா அதையெல்லாம் எடுக்கவே இல்லை. "நான் அப்பவே சொல்லல?" என்றார். அவர் எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மதியம் மதில்மேல் இரண்டு கவளம் இருந்தது. வளர்கிற பிள்ளையாம்.

நாளைக்குப் பால் வாங்க ஹெல்மெட் இல்லாமல் போகலாம் என்றிருக்கிறேன். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.