தோட்டமா, டவுனா?

நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான்.

2023 ஓகஸ்ட். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸில் பத்து மாத ஃபெலோஷிப்பின் முதல் கிழமை, வரவேற்பு விருந்து. எனக்கு எதிரே எங்கள் வழிகாட்டி, அறுபதைத் தாண்டிய பேராசிரியை. இலங்கையில் ஹட்டன் பக்கம் என்றதும் முகம் மலர்ந்து, "உங்கள் குடும்பமும் தேயிலையிலா?" என்று கேட்டார். "ஆமாம், நாலு தலைமுறையாக" என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "பிளாண்டர் குடும்பம்" என்று, அதாவது தோட்ட முதலாளி வீட்டுப் பிள்ளையாக, என்னை அறிமுகப்படுத்தினார். நான் சிரித்தேன். யாரோ தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்கள். பேச்சு வெயிலுக்குப் போய்விட்டது.

அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

களைப்பு என்று சொல்லலாம். பீனிக்ஸுக்கும் நமக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், பகலும் இரவும் அப்படியே இடம் மாறிவிடும். நான் இறங்குவதற்குச் சில நாள் முன்புவரை அந்த ஊரில் தொடர்ந்து 31 நாள் 43 பாகைக்குக் குறையாத வெயில். குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் வந்தது. இரண்டாம் நாள் எனக்கு மூக்கில் இரத்தம் கசிந்தது. நான் டாக்டர்தான், காரணமும் தெரியும், இருந்தாலும் கண்ணாடியைப் பார்த்துப் பயந்தேன். துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்திருக்கும். தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில் ஆடி மாதத்துச் சீருடை அடுப்புக்கு மேலே நாலு நாள் தொங்கி, புகை வாசத்தோடுதான் பள்ளிக்கூடம் வரும். பீனிக்ஸில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் மழை ஏறக்குறைய 180 மில்லிமீட்டர். ஹட்டனுக்கு அருகே வட்டவளைப் பக்கம் பருவமழை பலத்தால் ஒரு கிழமைக்கே அது காணாது.

ஆனால் களைப்பு ஒரு நாளில், இரண்டு நாளில் போய்விடும். நான் பத்து மாதம் அங்கே இருந்தேன்.

இன்னொரு சமாதானமும் உண்டு. கேள்வி ஆங்கிலத்தில் வந்தது. தேயிலையில் இருக்கிறோம் என்று அந்த மொழியில் சொன்னால் கம்பனிக்காரரும் சொல்லலாம், கொழுந்து எடுக்கிறவரும் சொல்லலாம். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் கப்பலேறி வந்த கதையிலிருந்து தொடங்கி, 1948இல் குடியுரிமை போனது, லயம், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா என்று எல்லாம் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த முகம் வரும். எது என்று நம்மவர்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக விடுதியில் முதல் நாள் ஒருத்தி கேட்டாள்: "ஹட்டன்ல தோட்டமா, டவுனா?" டவுன் பக்கம் என்றேன். எங்கள் தோட்டத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் நாற்பது நிமிடம். பக்கம்தானே.

ஆக, அந்தப் பழக்கம் பீனிக்ஸில் தொடங்கியதல்ல. இது என்னை நியாயப்படுத்துகிறதா, இன்னும் மோசமாக்குகிறதா என்று தெரியவில்லை.

அந்த விருந்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஃபெலோஷிப்பில் என் விடயம், வெளியில் நின்று வேலை செய்பவர்களின் உடல்நலம். அந்த ஊரில் அது ஏட்டுப் பாடமில்லை. தார் வீதியில் விழுந்தவர்கள் தோல் வெந்து தீக்காயப் பிரிவில் கிடந்த கோடை அது. அந்த ஒரு வருடத்தில் பீனிக்ஸ் இருக்கும் மரிக்கோப்பா கவுண்டியில் மட்டும் 645 பேர் வெப்பத்தோடு தொடர்புடைய காரணங்களால் இறந்ததாகக் கணக்கு.

ஜனவரியில் அதே மாநிலத்தின் எல்லையோர ஊரான யூமாவுக்கு அழைத்துப் போனார்கள். கொலராடோ ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சிய பாலைவனம். குளிர்காலத்தில் அமெரிக்கா சாப்பிடும் லெட்டூஸில் பெரும்பகுதி அங்கே விளைகிறது. விடியுமுன்பே எல்லையைத் தாண்டி மெக்சிகோவிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். குனிந்து, ஒரே வெட்டு, வெளியிலையை உதறி, பின்னால் ஊர்ந்து வரும் மெசினில் வைத்துவிட்டு அடுத்தது. ஒரு பெண் நிமிரும்போது இடது கையை இடுப்பில் ஊன்றி நிமிர்ந்தார். கூடை இறக்கி வைத்த பிறகு அம்மா நிமிர்வது அப்படியேதான். வரிசைக்குப் பக்கத்தில் ஒருவர் கையில் எதுவும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தார். மயோர்டோமோ என்றார்கள். கங்காணி. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதம் நடந்த கூட்டத்தில்தான் அது. தன் வேலைகளை எடுத்துச் செய்யும் ஒப்பந்தகாரர்கள் தொழிலாளருக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும் கொடுக்க வேண்டும் என்று பீனிக்ஸ் மாநகர சபை 2024 மார்ச்சில் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்திய கிழமைகளில் எங்கள் மேசையிலும் அதே பேச்சு. வழிகாட்டி என்னைப் பார்த்தார். "ஓய்வு நேரத்துக்கும் கூலி கொடுப்பது முதலாளிக்குக் கட்டுப்படியாகுமா? உங்கள் வீட்டில் இதை எப்படிப் பார்ப்பார்கள்?"

உங்கள் வீட்டில்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்று என்னைவிட நன்றாகச் சொல்ல அந்த அறையில் ஆள் கிடையாது. காலையில் அம்மா ஒரு ரொட்டியும் சம்பலும் சாப்பிடுவார், தேத்தண்ணியை அரைக் கோப்பையோடு நிறுத்திவிடுவார். கொழுந்து எடுக்கும் மலையில் மலசலகூடம் இல்லை. பின்னேரம் கொழுந்து நிறுத்து முடியும்வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தால்தான் பாடு தீரும். சிறுநீர்த் தொற்றோடு என்னிடம் வருகிற பெண்களில் எத்தனை பேரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்! அம்மாவுக்குப் 18 கிலோ கணக்கு. ஒரு கிலோ குறைந்தாலும் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். ஓய்வு கொடுத்தாலும் அந்த அரைப்பேருக்குப் பயந்து எடுக்க மாட்டார்கள். கூட்டத்துக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விசயம்தான்.

நான் என்ன சொன்னேன்? உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது என்றேன். கென்யாவோடு போட்டி போட வேண்டியிருக்கிறது என்றேன். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததில் விளைச்சல் விழுந்ததையும் சொன்னேன். கடைசியாக, "பத்து நிமிடம் என்று கொடுத்தால் அது பத்து நிமிடத்தில் நிற்காது" என்றேன். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.

எனக்குப் பயமாக இருப்பது அந்தக் கடைசி வசனம். மற்றதெல்லாம் பத்திரிகையில் வருவது. சம்பளப் பேச்சுவார்த்தை நடக்கும்போதெல்லாம் கம்பனிகள் சொல்வது. இது எதிலும் வாசித்ததல்ல. ஆறோ ஏழோ வயதில், காலையில் வேலைக்குப் பேர் போடும் பிரட்டுக்களத்தில், அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்தை நடத்திய துரை கணக்கப்பிள்ளையிடம் சொன்னது. முப்பது வருடம் எனக்குள் இருந்து, கூப்பிட்டதும் வந்தது. தயக்கமே இல்லாமல், நல்ல ஆங்கிலத்தில். அம்மாவின் பக்கத்தை நான் அதே சரளத்தோடு சொல்லியிருப்பேனா? இதைத்தான் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுத்துப் பேசியவர் எங்கள் அலுவலக ஒருங்கிணைப்பாளர். ஊர் யூமா. "என் அம்மா 22 வருடம் லெட்டூஸ் வெட்டினார். வேலை நாளில் தண்ணீரே குடிக்க மாட்டார்" என்றார். தன் ஊர்ப் பெயரைச் சொல்வதுபோல சாதாரணமாகச் சொன்னார். கூட்டம் முடிந்து கோப்பை கழுவும் இடத்தில் என்னிடம் கேட்டார்: "உங்கள் தோட்டம் பெரிதா?"

"பெரிதுதான்" என்றேன். அதுவும் உண்மை.

முதலாளி பக்கத்தையும் யாராவது சொல்லத்தானே வேண்டும், நான் பேசியதால் சட்டம் நின்றுவிடவில்லையே என்றெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். சரி, அது நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கு தோட்டத்தில் அம்மாவின் நாட்சம்பளம் 1,000 ரூபா, மூன்று டாலரைச் சற்றுத் தாண்டும். அரிசோனாவில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறைந்தபட்சக் கூலி 14 டாலர் 35 சதம். இரண்டும் தெரிந்த ஒரே ஆள் அந்த மேசையில் நான். முதலாளிக்காகப் பேச நானா வேண்டியிருந்தது?

அந்தச் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு அம்மாவை அழைத்தேன். அங்கே ஞாயிறு காலை எட்டு. பின்னால் சேவல் சத்தம் கேட்டது. ஒன்றும் விடாமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "தொர வீட்டுப் புள்ளன்னு நெனச்சாங்களாக்கும்? நெனச்சிட்டுப் போகட்டும் பாப்பா. இத்தன நாளா கூலி வீட்டுப் புள்ளன்னு நெனச்சாங்களே, அதுக்கு யாராச்சும் கவலப்பட்டாங்களா? நீ வெயில்ல நிக்காத."

எனக்கு நெஞ்சு லேசானது. அரை மணி நேரம் கழித்து, லேசானதற்காகவே என்மேல் கோபம் வந்தது. மன்னிப்பதற்கு அம்மாவைவிட லேசான ஆள் யாருக்கும் கிடைக்காது. அது தெரிந்துதானே அவரிடம் சொன்னேன்?

மே மாதம் இறுதி அறிக்கைக்கு ஒவ்வொருவரையும் பற்றி நாலு வரி கேட்டார்கள். தேயிலைத் தொழிலாளியின் மகள் என்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். வழிகாட்டி என் மேசைக்கே வந்துவிட்டார். "தவறாகப் புரிந்துகொண்டேன். உங்களைச் சங்கடப்படுத்தியிருப்பேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். கண் கலங்கியிருந்தது. பரவாயில்லை என்றேன். தவறு செய்தது நான், மன்னித்ததும் நான். இன்றைக்கும் அவருக்கு இது தெரியாது.

கடைசி நாள் மேடையில் என்னை அழைத்தபோது அந்த நாலு வரியையும் வாசித்தார்கள். அதிகம் கைதட்டல் வாங்கியது அந்த ஒரு வரிதான். ஓகஸ்டில் சொல்லியிருந்தால் பரிதாபம் கிடைத்திருக்கும்; மே மாதம் சொன்னதால் பாராட்டு கிடைத்தது. அப்படிக் கணக்குப் போட்டு எழுதினேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

வந்து கொஞ்ச நாளில் சம்பளம் 1,350 ஆனது. கிளினிக்கில் இப்போது பெண்களிடம் முதல் கேள்வியாகவே, "மலைக்குப் போறப்ப தண்ணி கொண்டு போறீங்களா?" என்று கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். கூடையில் இன்னொரு போத்தல் கனமா என்கிறார் ஒருத்தர். மலசலகூடம் பற்றி தோட்ட நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதியிருக்கிறேன்.

அறிக்கைப் பிரதி தபாலில் வந்த நாளில் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். 37 வருடம் கொழுந்து எடுத்த விரல். கறை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. அந்த வரியைத் தொட்டுக் காட்டித் தமிழில் சொன்னேன்.

"என் பேரு எங்க இருக்கு?"

பெயர் போடவில்லை அம்மா, தொழிலாளியின் மகள் என்றுதான் இருக்கிறது என்றேன்.

"அப்ப அரப்பேருதான்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்க்க எழுந்தேன். அதற்குள் அவர் புத்தகத்தை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குள் போயிருந்தார்.