பைப் தொங்கினால் புள்ளிக் கணக்கைப் பாருங்கள்

காரைக்குடியில் படித்தபோது ஆபரேட்டிங் சிஸ்டம் லேப் தேர்வில் எனக்கு வந்தது சின்னக் கேள்விதான்: பேரன்ட் பிராசஸ் (ஓடும் புரோகிராம்) பைப்பில், அதாவது ஒரு முனையில் எழுதி மறுமுனையில் படிக்கும் குழாயில் எழுதுவதை, அதிலிருந்து பிரிந்த சைல்டு பிராசஸ் படித்து வரிகளை எண்ணிச் சொல்ல வேண்டும். ஓட்டினேன், கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்ததே தவிர எண்ணிக்கை வரவில்லை. பேரன்ட் எழுதி முடித்ததும் க்ளோஸ், அப்புறம் சைல்டு முடியும்வரை காத்திருக்கும் வெயிட், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் முழித்த பிறகு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பக்கத்தில் வந்து, "ரைட் எண்ட் எத்தனை பேர் கையில இருக்கு தம்பி?" என்றார்.

ஃபோர்க் (பேரன்ட்டின் நகலாகச் சைல்டை உருவாக்கும் அழைப்பு) ஆனதும் சைல்டுக்கும் ரைட் எண்ட், அதாவது எழுதும் முனை, ஒன்று போய்விடுகிறது. அதை நான் மூடவில்லை. எழுதும் முனைகள் எல்லாம் மூடினால்தான் ரீட் பூஜ்யம் தரும், அதாவது இனி எதுவும் வராது என்று சொல்லும்; சைல்டு ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு, அது மூடுவதற்காகத் தானே காத்திருந்தது.

பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு நம் ஊர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு உண்டு. ஒரு புள்ளி (நகரத்தார் கணக்கில் மணமான ஒரு குடும்பம்) தன் அறையைப் பூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினால் வீடு பூட்டியதாகுமா? கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) வைத்திருப்பதும் புள்ளிக் கணக்குதான், க்ளோஸ் போட்டால் ஒரு புள்ளி குறையும், அவ்வளவே.

அதனால் புரோகிராம் எழுதும் முன் தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஃபோர்க்குக்குப் பிறகு யார் கையில் எந்த முனை என்று எழுதி, வேண்டாததை அடித்துவிடுங்கள். நெட்வொர்க் இணைப்பின் முனையான சாக்கெட்டிலும் இதே கதை: இணைப்பை அக்செப்ட் செய்து ஃபோர்க் பண்ணும் சர்வரில் பேரன்ட் தன் பிரதியை மூடாவிட்டால், சைல்டு முடிந்த பிறகும் கிளையன்ட்டுக்கு இணைப்பு முடிந்தது தெரியாது. ஷட்டவுன் என்ற அழைப்பு மட்டும் புள்ளிக் கணக்கே பார்க்காது, யார் கையில் இருந்தாலும் இணைப்பையே வெட்டிவிடும். வைவாவில் இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்தால் போதும், பாதிக் கிணறு தாண்டியாச்சு.

இன்னொரு பொறி, லேப்பில் சிக்காது. லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65,536 பைட் கொள்ளும். சைல்டு அதற்கு மேல் எழுத, பேரன்ட் படிக்காமல் முதலில் வெயிட் போட்டால் இரண்டுமே நின்றுவிடும். நாலு வரி இன்புட்டில் சோதித்தால் எல்லாம் நன்றாக ஓடும், அதுதான் வம்பு. பெரிய ஃபைலாகக் கொடுத்துப் பாருங்கள். தொங்கினால் ப்ராக் (/proc) டைரக்டரியில் அந்த பிராசஸின் எஃப்டி (fd, அது திறந்து வைத்திருப்பவற்றின் பட்டியல்) ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அந்தப் பைப்பின் எண் எந்தெந்த பிராசஸில் எழுதும் அனுமதியோடு இருக்கிறது என்று பார்த்தால், யார் இன்னும் மூடவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.