ரப்பர் வளையம் போட்ட ரேடியோ

எண்பது நாற்காலி போட்டோம். பதினெட்டு நிறைந்தது.

கச்சேரி முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது, வாசலில் செருப்பு மாட்டிய பெரியவர் திரும்பினார். “இன்றைக்கு நாகஸ்வரம் என்று யாருமே சொல்லவில்லையே தம்பி! இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன். கீரை வாங்க வந்தேன், சத்தம் கேட்டு உள்ளே நுழைந்தேன்.”

அவர் பையில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். பேட்டரி மூடி தொலைந்து, ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்.

நாளெல்லாம் வானொலி கேட்கிற மனிதர். அவருக்கே தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்கள் ஊர்ப் பண்பலையில் விடிந்தால் அடைந்தால் சினிமாப் பாட்டு. (அதன்மேல் கோபமில்லை, சமையலறையில் நானும் அதைத்தான் கேட்கிறேன்.) அறிவிப்புக்கு அவர்கள் கேட்ட கட்டணத்தில் தவில்காரருக்குச் சன்மானமே கொடுத்துவிடலாம்.

ஊருக்கென்று ஒரு வானொலி என்பது புதிதல்ல. 1930-லேயே சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி நடத்தியிருக்கிறது. 2004-ல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பண்பலை 90.4-ல், சுற்றுவட்டார மக்களுக்கான சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. சில கிலோமீட்டர் எட்டினால் போதும் என்ற வானொலி அது. எனக்கு அதுவே அதிகம், இரண்டு தெரு எட்டினால் போதும்.

மாலை ஐந்தரைக்கு ஊர்க்குரல் ஒன்று, “ஆறரைக்கு நாகஸ்வரம், அனுமதி இலவசம்” என்று சொல்ல வேண்டும். வாரம் ஒருமுறை எங்கள் ஒலிப்பதிவில் கால் மணி நேரம் போட வேண்டும். பின்னணியில் மின்விசிறி கடகடக்கும், பரவாயில்லை.

அடுத்த மாதம் வயலின். தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதை ரப்பர் வளையத்துக்குள் செருகிக்கொண்டு நடந்தார்.